ஐம்பதுக்கு ஐம்பது கம்பெனியில் முடிவெடுப்பது எப்படி? இரண்டு நிறுவனர்களுக்கான வழிகாட்டி

கல்லூரி நண்பர்கள் இருவர் சேர்ந்து பிரைவேட் லிமிடெட் பதிவு செய்கிறார்கள். ஆளுக்குப் பாதிப் பங்கு, இருவரும் டைரக்டர். "நமக்குள்ள என்னடா, பேசித் தீர்த்துக்கலாம்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. சம உழைப்புப் போடப்போகிறவர்கள் பங்கையும் சமமாக வைத்துக்கொள்வது நியாயம்தான். அதை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் அந்தச் சமத்துக்குள் ஒரு சங்கதி இருக்கிறது: இருவரும் எதிரெதிராக நின்றால் சட்டம் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்பவர் பக்கம்தான் சாயும்.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, பங்குதாரர் கூட்டத்தில் சாதாரணத் தீர்மானம் நிறைவேற ஆதரவு வாக்கு எதிர்ப்பு வாக்கைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். சரிசமம் என்றால் தீர்மானம் தோற்றது. சிறப்புத் தீர்மானத்துக்கு ஆதரவு, எதிர்ப்பைப்போல் குறைந்தது மூன்று மடங்கு வேண்டும். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு டைரக்டரைப் பதவி நீக்கவும் சாதாரணத் தீர்மானம் தேவை என்பதால், பாதிப் பங்கு வைத்திருப்பவரை மற்றவர் அசைக்க முடியாது. போர்டு மீட்டிங்குக்கு, அதாவது டைரக்டர்கள் கூட்டத்துக்கு, குறைந்தது இரண்டு டைரக்டர்கள் இருக்கவேண்டும். ஆகவே சண்டை வந்தால் ஒருவர் வாக்களிக்கக்கூட வேண்டியதில்லை, வீட்டிலேயே இருந்தால் போதும்.

விலையைக் கூட்டலாம், ஆள் எடுக்கலாம், முதலீடு வாங்கலாம் என்று எதையாவது செய்யக் கேட்பவர் தோற்பார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஜெயிப்பார். கம்பெனி அப்படியே நிற்கும். இதைத் தவிர்க்க என்னென்ன செய்யவேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம். இன்னும் பதிவு செய்யாதவர்களுக்கு எல்லாமே சுலபம். பதிவு செய்துவிட்டவர்கள் உறவு நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

1. ஆர்ட்டிகிள்ஸைத் திறந்து பாருங்கள்

கம்பெனியின் உள்விதிகளான ‘ஆர்ட்டிகிள்ஸ்’ ஒன்று உங்களிடம் இருக்கும். பதிவின்போது ஆடிட்டரோ கம்பெனி செகரட்டரியோ, சட்டத்தின் முதல் அட்டவணையிலுள்ள ‘டேபிள் எஃப்’ மாதிரியை அப்படியே போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதில் 68ஆவது விதியைத் தேடுங்கள். போர்டில் வாக்குகள் சரிசமமானால் சேர்மனுக்கு இரண்டாவது வாக்கு உண்டு என்று இருக்கும். பேச்சுவழக்கில் இதை ‘காஸ்டிங் வோட்’ என்பார்கள்.

இப்போது முதல் போர்டு மீட்டிங்கின் நடவடிக்கைக் குறிப்பை, அதாவது மினிட்ஸை எடுங்கள். ‘சேர்மன்’ என்று யார் பெயர் டைப் அடிக்கப்பட்டிருக்கிறது? யாரோ டெம்ப்ளேட்டில் நிரப்பிய பெயர், நீங்களும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். போர்டின் சேர்மனாக அவரைத் தேர்ந்தெடுத்ததாக அதில் இருந்தால், போர்டில் நீங்கள் இருவரும் சமமில்லை. இது சண்டை வந்த பிறகு தெரியவருவதைவிட இன்று தெரிவது நல்லது.

வழி இரண்டு. காஸ்டிங் வோட்டை விதியிலிருந்தே எடுத்துவிடலாம். அல்லது தெரிந்தே வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை சேர்மனை மாற்றிக்கொள்ளலாம். முறைவைத்து மாற்றுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பெரிய விஷயங்களைத் தன் ஆண்டு வரும்வரை தள்ளிப்போடத் தோன்றும். எடுத்துவிட்டு, கீழே சொல்லும் ஏற்பாடுகளைச் செய்வதே மேல். ஆர்ட்டிகிள்ஸை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், 30 நாளுக்குள் எம்ஜிடி-14 படிவமும் தாக்கல் செய்யவேண்டும். சிறப்புத் தீர்மானம் என்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று அர்த்தம். மனஸ்தாபம் வந்தபின் அது கிடைக்காது.

2. எது யாருடைய முடிவு என்று எழுதுங்கள்

மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். "எல்லாத்தையும் ரெண்டு பேரும் சேர்ந்தே முடிவு பண்ணலாம்" என்பது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் இருவருக்கும் தடைபோடும் அதிகாரம் கொடுத்ததாக ஆகிவிடும். இணையதளத்தின் நிறத்துக்கு மூன்று நாள் வாட்ஸப் சண்டை நடப்பது இப்படித்தான்.

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தி, ஒருவர் தனியாக முடிவெடுக்கும் விஷயங்கள். இரண்டாவது, மற்றவர் தனியாக எடுப்பவை. மூன்றாவது, இருவரும் ஒப்புக்கொண்டால் மட்டுமே நடப்பவை.

மூன்றாவது பத்தி குட்டியாக இருக்கவேண்டும். புதிய பங்கு வெளியிடுவது, கடன் வாங்குவது, சொந்த ஜாமீன் கொடுப்பது, நிறுவனர்களின் சம்பளம், கம்பெனியை விற்பது, தொழிலின் போக்கையே மாற்றுவது, சொந்தக்காரர்களை வேலைக்கு எடுப்பது. இதற்கு மேல் நீண்டால் ஏதோ ஒன்றில் நம்பிக்கை இல்லை என்று பொருள். அது எது என்று அப்போதே பேசிவிடுங்கள். சொந்தக்காரர் விஷயத்தைச் சிரித்துவிட்டு விடாதீர்கள். மச்சானுக்கு அக்கவுண்ட்ஸ் வேலை கொடுத்ததில் தொடங்கிய கசப்பு எங்கெங்கோ போய் நிற்கும்.

முதல் இரண்டு பத்திகளுக்கும் பண வரம்பு வையுங்கள். உதாரணமாக, தன் துறைக்குள் 50,000 ரூபாய் வரை கேட்க வேண்டாம்; 2 லட்சம் வரை சொல்லிவிட்டுச் செய்யலாம்; அதற்கு மேல் இருவரும். தொகை உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. ‘சொல்லிவிட்டுச் செய்வது’ வேறு, ‘கேட்டுவிட்டுச் செய்வது’ வேறு என்பதை மட்டும் இருவரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கவேண்டும்.

துறை பிரித்தபின் ஒரு ஒழுக்கம் தேவை. அவர் துறையில் நீங்கள் கருத்துச் சொல்லலாம், ஒருமுறை அழுத்தியும் சொல்லலாம். முடிவு அவருடையது. அது சொதப்பினால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த முறை அவர் உங்களிடம் கேட்கவே மாட்டார்.

3. முட்டிக்கொண்டால் எழுத்தில் போடுங்கள்

கோவையில் கணக்கு மென்பொருள் விற்கும் இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தொழில்நுட்பம், மற்றவர் விற்பனை. ஒரு பம்ப் கம்பெனி 8 லட்சத்துக்கு வாங்கத் தயார், ஆனால் தங்கள் சொந்த சர்வரில் நிறுவித் தரவேண்டும் என்கிறது. விற்பனைக்காரருக்கு நான்கு மாதச் சம்பளச் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. தொழில்நுட்பக்காரருக்கு, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஆளை அங்கே அனுப்பவேண்டிய தலைவலி தெரிகிறது. ஒவ்வொரு டீக்கும் இதே வாக்குவாதம்.

இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

கேள்வி: பம்ப் கம்பெனிக்கு அவர்கள் சர்வரில் நிறுவித் தரலாமா?
முடிவு சொல்பவர்: தொழில்நுட்பம் (இரண்டு ஆண்டுப் பராமரிப்பு அவர் தலையில் விழுவதால்)
கடைசி நேரம்: வெள்ளி மாலை 5 மணி
வேண்டும் என்பதற்குக் காரணம்: கையிருப்பு ஐந்து மாதத்துக்குத்தான் வரும், இந்தப் பணம் வந்தால் ஒன்பது
வேண்டாம் என்பதற்குக் காரணம்: இருப்பதே இரண்டு டெவலப்பர், ஒருவர் முழுக்க இதற்கே போவார்
எது தெரிந்தால் மனம் மாறும்: ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் தனியாகத் தருவார்களா?
திரும்பிப் பார்க்கும் நாள்: மூன்று மாதம் கழித்து

இதில் ஒரு நிபந்தனை. ‘வேண்டும்’ வரியை வேண்டாம் என்பவரும், ‘வேண்டாம்’ வரியை வேண்டும் என்பவரும் எழுதவேண்டும். எதிராளி படித்துவிட்டு "ஆமா, நான் சொல்ல வந்தது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்வரை திருத்தவேண்டும். முதல் தடவை எரிச்சலாக இருக்கும். ஆனால் சண்டைகளில் பாதி இங்கேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் இருவரும் வேறுவேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். மேலே உள்ள உதாரணத்தில்கூட, கடைசியில் மிஞ்சியது பம்ப் கம்பெனியிடம் போனில் கேட்கவேண்டிய ஒரே ஒரு கேள்விதான்.

அப்போதும் ஒத்துவராவிட்டால், இந்த விஷயம் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று இருவரும் பத்துக்கு ஒரு மதிப்பெண்ணைத் தாளில் எழுதி ஒரே நேரத்தில் திருப்புங்கள். ஒருவர் 9, மற்றவர் 4 என்றால் ஒன்பதுக்காரர் சொல்வது நடக்கட்டும். எல்லாவற்றுக்கும் 9 போடுபவரைச் சில வாரங்களிலேயே அந்தத் தாள்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

இருவரும் 9 போட்டால், திருப்பக்கூடிய முடிவா என்று பாருங்கள். விலை மாற்றம், விளம்பரம், ஒரு அம்சத்தைச் சேர்ப்பது போன்றவற்றைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் பழையபடி மாற்றலாம். இவற்றில் துறைக்காரர் சொல்வதே முடிவு, இழுக்க வேண்டாம். முதலீட்டாளரிடம் கையெழுத்துப் போடுவது, ஆட்களை வேலையைவிட்டு அனுப்புவது போன்றவற்றைத் திருப்ப முடியாது. இவற்றுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் ஆளிடம் போங்கள்.

முடிவு எடுத்தபின் ஊழியர்கள் முன்னால் இருவர் வாயிலும் ஒரே பேச்சு வரவேண்டும். "எனக்கு இதுல உடன்பாடில்ல, அவன்தான்..." என்று டீமில் ஒருவரிடம் சொன்னால், அடுத்த மாதம் டீமே இரண்டாகிவிடும்.

4. மூன்றாம் ஆளை முன்கூட்டியே பிடித்துவையுங்கள்

முடிச்சு விழுந்த பிறகு மத்தியஸ்தரைத் தேடினால், நீங்கள் சொல்லும் ஆள் எல்லாம் கூட்டாளிக்கு ‘உன் ஆளு’. முன்பே ஒருவர் பெயரை எழுதிவைக்கவேண்டும், அவரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கவேண்டும்.

யார் வேண்டாம் என்று சொல்வது சுலபம். இருவரில் ஒருவரின் அப்பா, மாமனார் வேண்டாம். உங்கள் கணக்கில் கையெழுத்துப் போடும் ஆடிட்டரும் வேண்டாம். சட்டப்பூர்வத் தணிக்கையாளர் நிர்வாகச் சேவைகள் செய்யக்கூடாது என்று கம்பெனிகள் சட்டத்தின் 144ஆவது பிரிவே தடுக்கிறது, தவிர நாளைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். முதலீடு போட்டவர் நல்ல ஆலோசனை சொல்லலாம், ஆனால் அவருக்கு அவர் பணத்தின் கணக்கு உண்டு. உங்கள் துறையில் பத்துப் பதினைந்து ஆண்டு தொழில் செய்து, உங்களிடம் வாங்கவோ விற்கவோ எதுவும் இல்லாத ஒருவர் கிடைத்தால் அவர்தான் சரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து கணக்கைக் காட்டுங்கள். அப்போதுதான் பிரச்சினை வரும்போது அவருக்குக் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிராது.

அவர் சொல்வது ஆலோசனையா, இருவரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பா என்பதையும் எழுதுங்கள். தொழில்சார்ந்த முடிவுகளுக்குக் கட்டுப்படுத்தும் என்றும், பங்கு, விற்பனை போன்றவற்றுக்கு ஆலோசனை மட்டும் என்றும் பிரிப்பது பெரும்பாலும் ஒத்துவரும்.

"அவருக்கு ஒரு சதவீதம் கொடுத்து, நாம 49.5 வெச்சுக்கலாமே" என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். ஒற்றைச் சதவீதக்காரர் கம்பெனியின் முதலாளியாகிவிடுவார். இரண்டு பாதிக்காரர்களும் அவரைக் காக்காய் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

5. சாவிகள் யார் கையில்?

வக்கீல்கள் இதை அதிகம் பேசமாட்டார்கள், ஆனால் நிஜத்தில் கம்பெனி நின்றுபோவது இங்கேதான். ஜிஎஸ்டி தளத்தின் ஓடிபி யார் மொபைலுக்கு வருகிறது? டொமைன் யாருடைய தனி ஜிமெயிலில் பதிவாகியிருக்கிறது? கிளவுட் கணக்கின் ரூட் பாஸ்வேர்டு, பிளே ஸ்டோர் கணக்கு, பேமென்ட் கேட்வே, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்? பெரும்பாலும் எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கும், அதுவும் பதிவு செய்த அன்று யார் சும்மா இருந்தாரோ அவரிடம். கம்பெனி பெயரில் ஒரு பொது மின்னஞ்சல், கம்பெனி பெயரில் ஒரு சிம், இருவருக்கும் பாஸ்வேர்டு. ஒரு மதிய வேலைதான்.

வங்கிக் கணக்கை இயக்குவது ‘யாரேனும் ஒருவர்’ என்றா, ‘இருவரும் சேர்ந்து’ என்றா? அன்றாடச் செலவுக்கு ஒருவர், குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருவர் என்று வைப்பது நல்லது. ஒன்று நினைவிருக்கட்டும்: எங்களுக்குள் தகராறு என்று ஒரு டைரக்டர் வங்கிக்குக் கடிதம் கொடுத்தால், வங்கி பெரும்பாலும் கணக்கை நிறுத்திவைத்துவிடும். அந்த மாதச் சம்பளம் போகாது. எவ்வளவு கோபம் வந்தாலும், மூன்றாம் ஆளிடம் போகாமல் வங்கிக்கு எழுதுவதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

அடுத்தது மென்பொருள் கோடு (code). எழுதியவர் கம்பெனியின் ஊழியர் என்று ஒப்பந்தம் இல்லையென்றால், அவர் எழுதிய மென்பொருளின் காப்புரிமை (காப்பிரைட்) கம்பெனிக்குத் தானாக வந்துவிடாது. கம்பெனி தொடங்குமுன் எழுதியதும் அப்படித்தான். எழுதி வாங்கவேண்டும். வாங்கும்போது காலமும் இடமும் குறிப்பிடுங்கள்: 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

6. பிரிவதற்கான வழியையும் எழுதுங்கள், ஆர்ட்டிகிள்ஸிலும் எழுதுங்கள்

பங்குகள் நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகும், முதல் ஆண்டு முடியுமுன் போனால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு, அதாவது வெஸ்டிங், ஸ்டார்ட்அப்களில் சாதாரணம். இருவருக்கும் போடுங்கள். எட்டாவது மாதத்தில் வேலைக்குப் போய்விட்டவர் பாதிக் கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் நிலை வராது.

யார் யாரிடமிருந்து வாங்கிக்கொண்டு போவது என்பதற்கு, வீட்டில் அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கும் பழைய முறை ஒன்று உண்டல்லவா, ஒருவர் பங்கு வைக்க மற்றவர் முதலில் எடுப்பது? அதேதான். ஒருவர் ஒரு பங்குக்கு விலை சொல்வார். அந்த விலைக்கு விற்பதா, வாங்குவதா என்பதை மற்றவர் முடிவு செய்வார். ஏமாற்றி விலை சொல்ல முடியாது. ஆனால் இருவர் கையிலும் ஏறக்குறைய ஒரே அளவு பணம் இருந்தால்தான் இது நியாயம். ஒருவர் வீட்டில் வசதி, மற்றவருக்குக் கல்விக்கடன் என்றால், வசதிக்காரர் குறைந்த விலை சொல்லியே வாங்கிவிடுவார். அப்படிப்பட்டவர்கள், வெளி மதிப்பீட்டாளர் சொல்லும் விலைக்கு, 18 அல்லது 24 மாதத் தவணையில் வாங்கலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இவற்றைத் தனி ஒப்பந்தமாக எழுதினால் மட்டும் போதாது. ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் என்ற வழக்கில் ஒரு குடும்பக் கம்பெனி; இரண்டு சகோதரர்களிடம் ஆளுக்கு 25 பங்கு. விற்பதானால் அந்தந்தக் கிளைக்குள்ளேயே முதலில் கொடுக்கவேண்டும் என்று 1951இல் வாய்மொழியாகப் பேசிக்கொண்டார்கள். பின்னாளில் வாரிசு ஒருவர் மறு கிளைக்கு விற்றார். சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போய், 1990களின் தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது: ஆர்ட்டிகிள்ஸில் இல்லாத பங்கு மாற்றத் தடை கம்பெனியையும் பங்குதாரரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதும் வெஸ்டிங், முதலில் கேட்கும் உரிமை, முட்டுக்கட்டை விதி எல்லாம் ஆர்ட்டிகிள்ஸிலும் ஏறவேண்டும்.

"போனபின் போட்டிக் கம்பெனி தொடங்கக்கூடாது" என்ற வரியை நம்பி இருக்காதீர்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. தொழிலின் நற்பெயரை விற்கும்போது மட்டும் ஒரு விலக்கு உண்டு.

கூட்டாண்மை நிறுவனமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1932ஆம் ஆண்டுச் சட்டம் அன்றாட விஷயங்களைப் பெரும்பான்மைக்கு விடுகிறது. இரண்டே பேரில் பெரும்பான்மை ஏது? உங்களுக்குப் பத்திரம்தான் எல்லாம்.

7. எல்லாம் மீறிப் போய்விட்டால்

லண்டனில் இரண்டு புகையிலை வியாபாரிகள், ரோத்மனும் வைன்பெர்க்கும், தொழிலை ஒன்றாக்கி ‘யெனிட்ஜே டொபாக்கோ’ என்று கம்பெனி வைத்தார்கள். சம வாக்கு. பேச்சுவார்த்தை நின்றுபோய், ஒரே அலுவலகத்தில் இருந்துகொண்டு செகரட்டரி மூலம் சேதி அனுப்பும் நிலைக்கு வந்தார்கள். மத்தியஸ்தரிடம் போனார்கள், அவர் சொன்னதையும் ரோத்மன் ஏற்கவில்லை. 1916இல் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்கச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், கம்பெனி அப்போது நல்ல லாபத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் சட்டத்திலும் ‘நியாயமும் நேர்மையும் கருதி’ கலைக்கும் அதிகாரம் 271ஆவது பிரிவில் இருக்கிறது.

அதற்கு முன் சமரசத்தை முயலுங்கள். பங்குதாரர் ஒப்பந்தத் தகராறு 3 லட்சத்துக்குக் குறையாத வணிக வழக்காக இருந்து, அவசர இடைக்கால உத்தரவும் கேட்கவில்லை என்றால், வழக்குத் தொடுக்குமுன் சமரசத்துக்குப் போவது எப்படியும் கட்டாயம்தான். தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில், 241, 242ஆவது பிரிவுகளின்கீழ் ‘ஒடுக்குமுறை, முறைகேடான நிர்வாகம்’ என்று மனுப் போடலாம். ஒருவர் பங்கை மற்றவர் வாங்கிக்கொள்ளத் தீர்ப்பாயத்தால் உத்தரவிட முடியும். ஆனால் வழக்கு முடிவதற்குள் டெவலப்பர்கள் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள்.

பேசிப் பிரிந்தால் செய்யவேண்டியவை: பங்கு மாற்றத்துக்கு எஸ்ஹெச்-4 படிவம், மாற்றத் தொகையில் 0.015 சதவீத முத்திரைத் தீர்வை. டைரக்டர் விலகலுக்கு 30 நாளுக்குள் டிஐஆர்-12. வங்கி அதிகாரம், ஜிஎஸ்டி தளம், டொமைன் எல்லாவற்றிலும் பெயர் மாற்றம். போகிறவர் வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டிருந்தால், பங்கை விற்றதும் அது ரத்தாகிவிடாது. வங்கியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்தபின் கையெழுத்துப் போடட்டும். இருக்கிறவருக்கும் ஒரு வேலை உண்டு. பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர், இரண்டு டைரக்டர் வேண்டும். ஒற்றைப் பங்குதாரராக ஆறு மாதத்துக்கு மேல் தொழிலை ஓட்டினால், அதன்பின் ஏற்படும் கடன்களுக்கு அவரே சொந்தப் பொறுப்பு. ஆகவே ஒரே ஒரு பங்கையாவது வேறொருவர் பெயருக்கு மாற்றி, இன்னொரு டைரக்டரையும் போட்டுக்கொள்ளவேண்டும். இல்லையென்றால் ஒருநபர் கம்பெனியாக மாற்றும் வேலையைப் பிரியும் மாதத்திலேயே தொடங்கிவிடவேண்டும்.